பொன்முடி மலையும் மலாவித் துவரையும்

ருவாண்டாவில் தொழில் தொடங்கலாமா, மலாவியில் துவரை வாங்கித் தூத்துக்குடியில் இறக்கலாமா என்று விசாரிக்கிற சிறு வியாபாரிகளை இன்று திருப்பூரிலும் விருதுநகரிலும் பார்க்கலாம். முதலீட்டுக் கண்காட்சிகளில் அவர்கள் கையில் தரப்படும் வண்ணக் கையேடுகள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். நிலம் மலிவு, கூலி குறைவு, வரிச்சலுகை உண்டு, சில மணி நேரத்தில் கம்பெனிப் பதிவு. எழுதியிருப்பதில் பொய் அதிகம் இருக்காது. ஆனால் ஒரு சின்ன நாட்டுக்குள் வெளியூர்ப் பணம் வந்து இறங்கினால் ஐம்பது, நூறு வருடத்தில் என்ன ஆகும், ஏற்றுமதி நின்றுபோனால் அது யார் தலையில் விழும் என்பது கையேட்டில் இருக்காது. அதைப் பார்க்க ஆப்பிரிக்கா வரை போகத் தேவையில்லை. திருவனந்தபுரத்திலிருந்து அறுபது கிலோமீட்டருக்குள் பொன்முடி இருக்கிறது.

நெடுமங்காடு, விதுரை, கல்லாறு என்று போய் 22 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் மலை உச்சி. சுற்றுலா வருகிறவர்கள் மூடுபனியைப் பார்த்துவிட்டு இறங்கிவிடுவார்கள். வழியிலும் பக்கத்து மலைகளிலும் இருக்கிற தேயிலைத் தோட்டங்களின் பெயர்களைக் கவனிப்பவர் குறைவு. மெர்ச்சிஸ்டன், பிரேமோர், போனக்காடு. மெர்ச்சிஸ்டன் என்பது எடின்பரோ நகரின் ஒரு பகுதி. போனக்காடு என்று நம் வாயில் ஆகிவிட்ட பான் அக்கார்டு, அபர்டீன் நகரின் முத்திரை வாசகம். ஸ்காட்லாந்திலிருந்து வந்தவர்கள் தங்கள் ஊர்ப் பெயரையும் முதலையும் சேர்த்தே இந்த மலைக்குக் கொண்டுவந்தார்கள்.

அன்றைய திருவிதாங்கூர் பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாவட்டம் அல்ல. தனி மன்னர், தனி திவான், தனி நாணயம், தனிச் சுங்கம் உள்ள சமஸ்தானம். பரப்பில் இன்றைய ருவாண்டாவைவிடச் சிறியது. 1805 உடன்படிக்கைப்படி கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய் கப்பம் கட்ட வேண்டிய கட்டாயம் வேறு. கஜானாவில் காசு வேண்டும், காட்டு நிலம் நிறையக் கிடக்கிறது, உள்ளூரில் முதல் போட ஆளில்லை. இன்றைய ஆப்பிரிக்கச் சிறு நாடுகள் பலவற்றின் நிலைமையும் இதுவேதான். திவான் டி. மாதவ ராவ் 1858 முதல் 1872 வரை ஆட்சியை நடத்திய காலத்தில் மலைநிலங்கள் ஐரோப்பியத் தோட்டக்காரர்களுக்குக் கிடைக்க வழி திறந்தது. முதலில் காப்பி போட்டார்கள். 1869இல் சிலோனில் காப்பி இலைத்துரு நோய் தலைகாட்டியது. அடுத்த சில ஆண்டுகளில் தென்னிந்திய மலைகளிலும் காப்பியை அது சாய்த்தது. பிறகுதான் தேயிலை.

இதே நோய் ஆப்பிரிக்காவின் கதையையும் மாற்றியது. சிலோனில் காப்பியை இழந்த ஹென்றி பிரவுன் என்ற தோட்டக்காரர் இன்றைய மலாவியின் முலாஞ்சே மலையடிவாரத்துக்குப் போய் 1890களில் தேயிலை வைத்தார். ஆப்பிரிக்காவில் வியாபாரத்துக்காகத் தேயிலை பயிரிட்ட முதல் வட்டாரங்களில் முலாஞ்சேயும் ஒன்று. பொன்முடிச் செடியும் முலாஞ்சேச் செடியும் ஒரே வகைப் பணத்தின் பிள்ளைகள். அதனால்தான் ஒன்றைப் பார்த்து மற்றொன்றைப் புரிந்துகொள்ள முடிகிறது.

ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். ஒரு நாட்டுக்குள் வரும் வெளிநாட்டுப் பணம் எல்லாம் முதலீடு ஆகாது. ருவாண்டாவில் 28 மெகாவாட் நியபரோங்கோ நீர்மின் நிலையம் இந்தியாவின் கடனுதவியில் கட்டப்பட்டது. அது கடன், தவணை கட்டித் தீர்க்க வேண்டியது. பங்குச் சந்தைக்கு வரும் பணம் இன்னொரு வகை, காலையில் வந்து மாலையில் போய்விடக்கூடியது. நேரடி முதலீடு என்பது வெளியாள் வந்து நிலத்தையோ ஆலையையோ எடுத்து, தானே நிர்வாகம் செய்து, லாபத்தைத் தன் நாட்டுக்கு அனுப்புவது. பொன்முடிக்கு வந்தது இது. இந்தப் பணம் மண்ணில் வேர் பிடித்து நிற்கும். ஆளை, சாலையை, சட்டத்தை எல்லாம் தன்னைச் சுற்றி மாற்றும். போகும்போது அத்தனையையும் அப்படியே விட்டுவிட்டுப் போகும்.

தேயிலை ஏன் மலைக்கே தொழிற்சாலையைக் கொண்டுவந்தது என்பதைப் பார்த்தால் ஏற்றுமதிப் பொருளாதாரத்தில் பாதி விளங்கும். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளிய கொழுந்து சாக்கில் கிடந்தால் சூடேறிக் கெட்டுப்போகும். பறித்த அன்றே ஆலைக்குப் போயாக வேண்டும். அங்கே நீண்ட தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து காற்றை ஊதி, பத்துப் பதினைந்து மணி நேரம் வாட்டுகிறார்கள். பிறகு உருளைகளில் கசக்கி, செம்பு நிறம் வரும்வரை புளிக்கவிட்டு, அடுப்புக் காற்றில் உலர்த்தி, சலித்துத் தரம் பிரிக்கிறார்கள். சுமார் நாலரை கிலோ கொழுந்து ஒரு கிலோ தூளாகிறது. இத்தனையும் மலையிலேயே நடப்பதால் மலையில் வேலையும் இருக்கிறது.

ஆனால் விலை மலையில் முடிவாவதில்லை. லண்டன் தேயிலை ஏலம் 1998 ஜூன் வரை நடந்தது. கொச்சி ஏலம் தொடங்கியது 1947இல்தான். கலவை போடுவது, பெட்டியில் அடைப்பது, பெயர் வைப்பது, கடைத்தட்டில் ஏற்றுவது எல்லாம் வாங்குகிற நாட்டில் நடந்தன. பெரிய லாபம் அந்தக் கட்டங்களில்தான் இருந்தது, இன்றும் இருக்கிறது. ருவாண்டாவின் தேயிலை இன்றும் பெருமளவில் கென்யாவின் மொம்பாசா ஏலத்துக்குப் போய் டாலரில் விலை போகிறது. மலாவிக்குச் சொந்தமாக லிம்பே ஏலம் இருக்கிறது, ஆனால் வாங்குகிறவர் வெளியூர்க்காரர். ஆப்பிரிக்காவில் தேயிலையிலோ காப்பியிலோ முதல் போடப்போகிறவர் தோட்டத்தின் பரப்பைக் கேட்கும் முன், மொத்த விலையில் எத்தனை பங்கு அந்த நாட்டு எல்லைக்குள் தங்குகிறது என்று கேட்க வேண்டும். அதை உயர்த்த வழி உள்ள முதலீடுதான் அந்த ஊர் மக்களின் ஆதரவோடு நீடிக்கும்.

இதற்கு நமக்கு வெகு பக்கத்தில், கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியில் ஒரு சாட்சி இருக்கிறது. அதுவும் அன்று திருவிதாங்கூர்தான். 1909இல் ஷாம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலர், இங்கிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டார். அன்றைய கேஸ் விளக்குகளின் வலைத்திரிக்குத் தோரியம் தேவைப்பட்டது. அது மோனசைட்டில் இருக்கிறது. அடுத்த ஆண்டே மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் ஆலை வந்தது. பிரித்த மணல் கப்பலேறியது, தோரியமும் விளக்குத்திரியும் ஐரோப்பாவில் ஆயின. பல பத்தாண்டுகள் இப்படியே ஓடின. 1946இல் மோனசைட் ஏற்றுமதிக்குத் தடை போட்ட பிறகே, 'இங்கேயே பிரிக்க ஆலை வை' என்ற பேரம் வலுத்தது. இந்தியன் ரேர் எர்த்ஸ் 1950இல் உருவாகி, 1952இல் ஆலுவாவில் ஆலை இயங்கத் தொடங்கியது. மணல் கண்டுபிடிக்கப்பட்டதற்கும் அதை இங்கேயே பதப்படுத்தியதற்கும் நடுவே நாற்பது ஆண்டுகளுக்கு மேல். அந்த இடைவெளியில் போன லாபம் போனதுதான்.

முந்திரியிலோ நாமே எதிர்ப்பக்கம் நின்றோம். மேற்கு ஆப்பிரிக்காவின் கினி-பிசாவு நாட்டு ஏற்றுமதி வருமானத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் முந்திரிதான். கொட்டையை உடைக்காமலேயே இந்தியாவுக்கும் வியட்நாமுக்கும் அனுப்புகிறார்கள். கொல்லத்து ஆலைகள் பல பத்தாண்டுகள் ஆப்பிரிக்கக் கொட்டையில்தான் ஓடின. மொசாம்பிக்கில் சொந்தமாக உடைக்கும் ஆலைகள் இருந்தன. 1990களில் உலக வங்கியின் நிபந்தனைப்படி கொட்டை ஏற்றுமதி மீதான வரியைக் குறைத்தார்கள். கொட்டை இந்தியாவுக்கு வந்தது, அங்குள்ள ஆலைகள் மூடின, ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். இன்று கொல்லத்திலும் பல ஆலைகள் மூடிக் கிடக்கின்றன. வியட்நாமின் இயந்திரங்களோடு போட்டி போட முடியவில்லை. கையில் முந்திரி எண்ணெய்க் கறை ஏறிய கொல்லத்துப் பெண்ணுக்கும், வேலை இழந்த மொசாம்பிக் பெண்ணுக்கும் நடந்தது ஒன்றே. கொல்லத்து முதலாளி ஒருவர் ஆப்பிரிக்காவில் ஆலை வைக்க நினைத்தால், கொட்டை வாங்கும் கிடங்கோடு நிற்காமல் உடைத்துத் தரம் பிரிக்கும் ஆலையை அங்கே வைப்பதே நியாயம், கணக்குக்கும் அதுவே சரி என்பது என் எண்ணம். கொட்டையைவிடப் பருப்பு எடை மிகக் குறைவு, கப்பல் கூலி மிச்சம். ருவாண்டாவின் காப்பி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2000 வாக்கில் அங்கே விரல்விட்டு எண்ணக்கூடிய காப்பிப் பழம் கழுவும் நிலையங்களே இருந்தன. அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அவை நூற்றுக்கணக்கில் பெருகின. சாதாரணக் காப்பி சிறப்புக் காப்பியாகி, விலையும் ஏறியது.

நிலத்துக்கு வருகிறேன். கையேட்டில் மலிவு என்று போட்டிருப்பது இதைத்தான், பிற்காலத்தில் அதிகமாக வலிப்பதும் இதுதான். 1877இல் பூஞ்ஞாறு மன்னரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ கண்ணன் தேவன் மலைகளை எழுதி வாங்கினார். இருநூறு சதுர மைலுக்கு மேற்பட்ட மலை. அன்று பூஞ்ஞாறு மன்னருக்கு அது வருமானமே இல்லாத காடு. ஒரு நூற்றாண்டு கூட ஆகுமுன், 1971இல், கேரள அரசு அந்த நிலத்தை மீட்கத் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. காலனிக் காலக் கம்பெனிகளிடமிருந்து கைமாறிய தோட்ட நிலங்கள் யாருக்குச் சொந்தம் என்ற வழக்குகள் கேரளத்தில் இன்னும் முடிந்தபாடில்லை.

பொன்முடியிலேயே பாருங்கள். இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் மெர்ச்சிஸ்டன் எஸ்டேட்டில் நிலம் வாங்கியது. அது சூழலியல் ரீதியாக நலிந்த நிலம், வனத்துறைக்குச் சேர வேண்டியது என்ற பிரச்சினை கிளம்பியது. அங்கே வர வேண்டியிருந்த விண்வெளி அறிவியல் தொழில்நுட்பக் கல்வி நிறுவனம் கடைசியில் வலியமலையில்தான் எழுந்தது. ராக்கெட் விடுகிற அரசு நிறுவனமே உள்நாட்டில், தன் வீட்டு வாசலில், பழைய எஸ்டேட் பத்திரத்தில் இடறியது என்றால், மொழி தெரியாத நாட்டில் குத்தகை எடுக்கிற நம் வியாபாரி எத்தனை கவனமாக இருக்க வேண்டும்! பெங்களூரின் கருத்தூரி நிறுவனம் எத்தியோப்பியாவின் கம்பெல்லா பகுதியில் ஒரு லட்சம் ஹெக்டேரைச் சொற்பக் குத்தகைக்கு எடுத்தது. ஆற்று வெள்ளம் வந்தது, பயிர் போனது. உழுதது சிறு பகுதியே. 2015இல் அரசு குத்தகையை ரத்து செய்தது. பெரும்பாலான ஆப்பிரிக்க நாடுகளில் வெளிநாட்டவருக்கு நிலம் விற்பதில்லை, குத்தகைதான். அந்த நிலத்தில் தலைமுறையாக ஆடுமாடு மேய்க்கிறவருக்குப் பத்திரம் இருக்காது, உரிமை இருக்கும். தலைநகரத்து அலுவலகம் 'காலி நிலம்' என்று சொன்னால் அதை நம்பிக் கையெழுத்துப் போடக் கூடாது. நேரில் போய் யார் பயன்படுத்துகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

வாங்குகிற நாட்டின் மனம் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு நம் சாம்பாரே சாட்சி. 2015இல் துவரம்பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டது நினைவிருக்கும். 2016 ஜூலையில் இந்தியா மொசாம்பிக்கோடு நீண்டகாலக் கொள்முதல் ஒப்பந்தம் போட்டது. அங்கும் மலாவியிலும் சிறு விவசாயிகள் மக்காச்சோளத்தின் ஊடே துவரையைக் கூடுதலாக விதைத்தார்கள். அதே சமயம் இந்தியாவிலும் விளைச்சல் கொட்டியது. 2017 ஆகஸ்டில் ஆண்டுக்கு 2 லட்சம் டன்னுக்கு மேல் துவரை இறக்குமதி கூடாது என்று இந்தியா வரம்பு போட்டது. ஆப்பிரிக்காவில் விலை சரிந்தது, விதைத்தவர் கையில் சரக்கு தேங்கியது. நம் விவசாயியைக் காக்கப் போட்ட வரம்பு அது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதன் அடி முழுக்க விழுந்தது, டில்லி எங்கிருக்கிறது என்றே தெரியாத ஒருவர் மேல். 2021இல் மலாவியோடு ஆண்டுக்கு 50,000 டன் வீதம் ஐந்தாண்டுகளுக்குத் தனி ஒப்பந்தம் வந்தது. துவரை வியாபாரத்தில் இறங்குகிறவர் இந்த ஒப்பந்தத்தின் கெடு, இந்தியாவின் அந்த ஆண்டு விளைச்சல், இறக்குமதி அறிவிக்கைகள் மூன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஒன்றை மட்டும் பார்த்து வாங்கினால் சரக்கு துறைமுகத்தில் நிற்கும்.

சிறிய நாட்டுக்குத் தன் சுங்க வரியைத் தானே தீர்மானிக்கும் சுதந்திரமும் முழுதாக இருப்பதில்லை. 1865 உடன்படிக்கையில் திருவிதாங்கூர் பிரிட்டிஷ் இந்தியச் சரக்குக்கு இறக்குமதி வரியை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. 2016இல் ருவாண்டா, உள்ளூர்த் துணித்தொழிலை வளர்க்கப் பழைய துணி இறக்குமதிக்கு வரியை ஏற்றியது. 2018இல் அமெரிக்கா ருவாண்டாவின் ஆயத்த ஆடைக்குத் தந்திருந்த வரியில்லாச் சலுகையை நிறுத்திவைத்தது. ஆப்பிரிக்காவில் தைத்து அமெரிக்காவுக்கு அனுப்பலாம் என்று திட்டமிடும் திருப்பூர்க்காரர் இதை மறக்கக் கூடாது. சலுகையை நம்பி நிற்கும் ஆலை, சலுகை போனால் போய்விடும். சலுகை இல்லாவிட்டாலும் கணக்கு தேறுமா என்று முதலில் போட்டுப் பார்ப்பது நல்லது. இந்தியாவுக்கு அனுப்புகிறவர்களுக்கு 2008இல் அறிவித்த திட்டம் இருக்கிறது. மிகவும் பின்தங்கிய நாடுகளின் சரக்கு வகைகளில் சுமார் 98 சதவீதத்துக்கு வரி விலக்கோ குறைப்போ உண்டு. மலாவியும் ருவாண்டாவும் இதில் சேரும். தங்கள் சரக்கு இந்தச் சலுகைப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்து, மூலநாட்டுச் சான்றிதழை முறையாக வாங்க வேண்டும்.

துறைமுகமும் நாணயமும் பற்றிச் சுருக்கமாக. மலாவி, ருவாண்டா இரண்டுக்கும் கடற்கரை கிடையாது. மலாவிச் சரக்கு மொசாம்பிக்கின் நக்காலா, பெய்ரா துறைமுகங்களை நம்பியிருக்கிறது. 2023 நவம்பரில் ஒரே நாளில் டாலரின் விலை மலாவி நாணயத்தில் சுமார் 1,180 குவாச்சாவிலிருந்து 1,700 குவாச்சாவாக ஏறியது. உள்ளூர் நாணயத்தில் லாபம் சேர்த்து வைத்திருந்தவர் அன்று மூன்றில் ஒரு பங்குக்கு நெருக்கமாக இழந்தார். புகையிலையையே பெரிதும் நம்பி டாலர் சம்பாதிக்கும் நாட்டில், கையில் லாபம் இருந்தும் அனுப்ப டாலர் கிடைக்காமல் போவது உண்டு. ஏற்றுமதிக் கடன் உத்தரவாதக் காப்பீடு இல்லாமல் இப்படிப்பட்ட நாட்டோடு கடனுக்கு வியாபாரம் செய்ய வேண்டாம்.

இனி, என்னை அதிகம் உறுத்துவது. பணம் போகும்போது என்ன நடக்கிறது?

தென்னிந்தியத் தேயிலைக்குச் சோவியத் யூனியன் பெரிய வாடிக்கையாளர். 1991இல் அந்த நாடே இல்லாமல் போனது. பத்தாண்டுக்குள் விலையும் விழுந்தது. பீர்மேட்டில் தோட்டங்கள் கைவிடப்பட்டன. பொன்முடிக்குப் பக்கத்தில் போனக்காடு ஆலையும் நின்றது. அகஸ்தியர்கூடம் ஏறப் போகிறவர்கள் போனக்காடு வழியாகத்தான் போவார்கள். கண்ணாடி உடைந்த ஆலை, உள்ளே துருப்பிடித்து நிற்கும் உருளைகள், ஆள் உயரம் தாண்டி மரமாகிவிட்ட தேயிலைச் செடிகள். தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களின் கூரையில் பிளாஸ்டிக் தாளை விரித்து மேலே கல் வைத்திருப்பார்கள். உள்ளே குடும்பங்கள் இருக்கின்றன, தமிழ்க் குடும்பங்களும் உண்டு. கூலிப் பாக்கி, பணிக்கொடைப் பாக்கி, வைப்புநிதிப் பாக்கி என்று அவர்கள் பல ஆண்டுகளாகக் காத்திருக்கிறார்கள். லயத்தை விட்டுப் போனால் பாக்கியைக் கேட்கும் உரிமையும் போய்விடுமோ என்ற பயம். போக வேறு ஊரும் இல்லை. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீட்டையும் மருத்துவத்தையும் முதலாளியின் கடமையாக்கியது. முதலாளியே இல்லாத தோட்டத்தில் அந்தக் கடமை யாருடையது என்பதற்கு அந்தச் சட்டத்திடம் பயன்படுகிற பதில் இருக்கவில்லை.

மூணாறில் வேறு வழி முயன்றார்கள். 2005இல் டாடா டீ தோட்டங்களிலிருந்து விலகியபோது, தொழிலாளர்களைப் பங்குதாரர்களாக்கிக் கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளான்டேஷன்ஸ் நிறுவனம் உருவானது. தோட்டம் மூடவில்லை, அது பெரிய விஷயம். ஆனாலும் 2015 செப்டம்பரில் 'பெம்பிளை ஒருமை' என்று திரண்ட தமிழ்ப் பெண்கள், 232 ரூபாய் நாள்கூலிக்கும் குறைந்த போனசுக்கும் எதிராகச் சாலையில் உட்கார வேண்டியிருந்தது. பிறகு கூலி 301 ரூபாயானது. பங்குப் பத்திரம் கையில் இருந்ததால் மட்டும் கூலி உயர்ந்துவிடவில்லை, கேட்டுப் போராடியதால் உயர்ந்தது.

சுரங்கத் தொழிலில் இந்தியா உட்படப் பல நாடுகளில் ஒரு நடைமுறை இருக்கிறது. சுரங்கத்தை மூடும்போது நிலத்தைச் சீர்செய்யத் தேவையான தொகைக்கு, உரிமம் எடுக்கும்போதே நிதி உத்தரவாதம் கட்ட வேண்டும். பெருந்தோட்டத்துக்கு இப்படி ஒன்று கிடையாது. மலாவியோ ருவாண்டாவோ அடுத்த தோட்டக் குத்தகையில் கையெழுத்திடும்போது, தொழிலாளரின் ஓராண்டுக் கூலியும் பணிக்கொடையும் வங்கியில் தனிக் கணக்கில் கிடக்க வேண்டும், கம்பெனி கைமாறினாலும் திவாலானாலும் அதைத் தொடக் கூடாது என்று ஒரு பிரிவு சேர்க்கலாம். முதலீட்டாளருக்கு அது பெரிய சுமை அல்ல, வரிச்சலுகையாக வாங்குவதில் ஒரு பகுதிதான். இங்கிருந்து போகும் நம் நிறுவனங்கள் யாரும் கேட்காமலேயே அதை எழுதிக் கொடுக்கலாம். போனக்காட்டு லயங்களில் காத்திருக்கிறவர்களுக்கு அது காலங்கடந்தது. அவர்களுடைய பாக்கியைத் தீர்க்க நிலத்தில் ஒரு பகுதியை விற்றோ அரசே முன்பணம் போட்டுப் பிறகு வசூலித்தோ கொடுக்க முடியும். எந்த வழியானாலும் அடுத்த மழைக்கு முன் நடக்க வேண்டும்.